ஒரு விரற்கடை தள்ளி

கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து திருவிழாவுக்கு விஞ்ஞானம் காட்ட ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு கோயிலின் முகாமைக்காரர் பயந்துபோனார். வருகிறவர்களில் பாதிப்பேர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். திருவிழாச் சனத்துக்கு நடுவில் பிரசங்கம் வைத்துவிட்டால் என்ன செய்வது? விரிவுரையாளர் சிமியோன் நேரில் வந்து, பிரசங்கம் இல்லை, மாட்டுக் கண் ஆட்டு ஈரல் என்று எதையும் கொண்டுவந்து வெட்டிக் காட்டுவதில்லை, பெண்களுக்குத் தனி மறைப்பு என்றெல்லாம் வாக்குக் கொடுத்த பிறகுதான் மேற்கு வீதிக்கு அப்பால் கிடுகுக் கொட்டில் போட இடம் கிடைத்தது. உலகச் சண்டையில் ஜப்பான் இறங்குவதற்கு முந்திய வருடத்து ஆனி மாதம் அது.

பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக வந்தவள் மனோன்மணி. மானிப்பாயில் மருந்து கொடுக்கும் ஓர் அப்போதிக்கரியின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் பட்டம் பெற்று, சிமியோனுக்குக் கீழே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தோலின் உணர்ச்சிதான் அவள் எடுத்திருந்த விஷயம். சொந்த ஊர்ப் பக்கத்துப் பெண்கள் தன் ஆராய்ச்சியைத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

கொட்டில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் பக்கத்தில் கையால் சுற்றும் மின்சாரப் பொறி ஒன்று. பலர் கைகோத்து நிற்க ஒருவர் சுற்றினால் எல்லாருக்கும் ஒரேயடியாக உதறும். சாமி பார்க்க வந்த கிழவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே அதற்குள் நெளிகிறவற்றைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

மறைப்புக்குப் பின்னால் மனோன்மணியின் மேசையில் இருந்தவை மிகச் சாதாரணமான சாமான்கள். ஒரு மயிலிறகு, மொட்டை ஊசி, இரண்டு பித்தளைச் செம்பு. ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், மற்றதில் வெந்நீர். வருகிறவளின் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒவ்வொன்றாக வைப்பாள். பட்டதும் "இப்ப" என்று சொல்ல வேண்டும். எது பட்டது, எவ்விடத்தில் பட்டது என்றும் சொல்ல வேண்டும். விரல் நுனி கண்டுபிடிக்கிறதை முழங்கை கண்டுபிடிப்பதில்லை என்று பெண்கள் கண்டபோது சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகும்.

தேருக்கு முதல்நாள், சப்பறத்தன்று பின்னேரம் குணலட்சுமி வந்தாள். போயிலைத் தோட்டக்காரன் பரமலிங்கத்தின் மனைவி. இடுப்பில் மூன்று வயது மகள். கூடவே புருஷனின் தமக்கை மீனாம்பிகை. பிள்ளையை மச்சாளிடம் கொடுத்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"என்ன செய்யவேணும் அக்கா?"

"ஒண்டும் இல்லை. கையிலை ஏதும் பட்டால் 'இப்ப' எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்."

"கூச்சம் காட்டிச் சிரிக்க வைக்கிறதோ?"

"சிரிச்சாலும் பிழையில்லை."

வலது கையில் எல்லாம் சரியாகச் சொன்னாள். மனோன்மணி இடது கைக்கு மாறினாள். மணிக்கட்டில் இறகு பட்டபோது "இப்ப" என்ற சொல் உடனே வந்தது. முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தில் வைத்தபோது ஒன்றும் வரவில்லை.

"இன்னும் வைக்கேல்லையோ?" என்று கேட்டாள் குணலட்சுமி.

இறகு அவள் கைமேல் கிடந்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பகிடி விடுகிறாள் என்றுதான் மனோன்மணியும் நினைத்தாள். ஊசியின் மொட்டை முனையால் அழுத்தினாள். பிறகு வெந்நீர்ச் செம்பை எடுத்து அதே இடத்தில் வைத்தாள்.

"நேரம் போகுது அக்கா, தொடுங்கோவன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சட்டென்று நிறுத்தினாள். மனோன்மணி செம்பை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெற்றிலை அளவில் ஒரு இடம் கொஞ்சம் வெளிறி, மயிரில்லாமல், வறண்டு கிடந்தது. கையைச் சரியாக வைக்கிற சாட்டில் முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலால் தடவினாள். நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. தகப்பனின் மருந்துச்சாலையில் அவள் இதைக் கண்டிருக்கிறாள். புத்தகத்திலும் படித்திருக்கிறாள். கண்கட்டை அவிழ்த்தாள்.

"என்ன அக்கா, நான் தோத்துப்போனனோ?"

"பிள்ளையைத் தூக்கித் தூக்கி உந்தக் கை விறைச்சிருக்கும்."

மீனாம்பிகை சிரிக்கவில்லை. எட்டி வெந்நீர்ச் செம்பில் ஒரு விரலை வைத்தாள். உடனே எடுத்தாள். "இது நல்ல சூடெல்லே," என்றாள். வேறு ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்று கொட்டிலைக் கட்டும்போது மனோன்மணி சிமியோனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. பிறகு நரம்பைப் பற்றிக் கேட்டார். கேட்ட பிறகு நம்பினார்.

"பெருவியாதி எண்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேணும். அது சட்டம்," என்றார்.

"அறிவிச்சால் மாந்தீவுக்குக் கொண்டுபோவினம் சேர். அவவுக்கு மூண்டு வயசிலை ஒரு பிள்ளை."

மட்டக்களப்பு வாவிக்குள் குட்டரோகிகளை அடைத்து வைத்திருக்கிற அந்தத் தீவுக்குப் போனவர்கள் யாரும் ஊருக்குத் திரும்பி வந்ததாக அவர்கள் இருவருமே கேள்விப்பட்டதில்லை. சிமியோன் மேசைச் சாமான்களைப் பெட்டிக்குள் வைத்தார். "நாங்கள் வந்தது ஆக்களுக்கு விளையாட்டுக் காட்ட. நோய் பிடிக்க வரேல்லை," என்றார் கடைசியில். "திருவிழா முடியட்டும். பேந்து டொக்டரோடை கதைப்பம். உந்த மேசையை நாளைக்கு வைக்கவேண்டாம்."

ஆனால் தேரன்று மேசை வைக்காமல் இருக்க முடியவில்லை. தேர் இருப்பிடத்துக்கு வந்து, அன்னதானமும் முடிந்த பிறகு, பரமலிங்கம் மனைவியைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான். பின்னால் அவன் தாய், மீனாம்பிகை, ஒன்றுவிட்ட உறவுகள், வேடிக்கை பார்க்க வந்த சனம். பிள்ளை அவன் கையில் இருந்தது. அவன் உடம்பெல்லாம் திருநீறு. கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான்.

"ரீச்சர், நேற்று உங்கடை விளையாட்டிலை என்ரை பெண்சாதிக்குச் சூடு தெரியேல்லை எண்டு ஊர் முழுக்கக் கதை. கோயில் கிணத்திலை தண்ணி அள்ள விடமாட்டம் எண்டு ஒருத்தி சொல்லிப்போட்டாள். எல்லாருக்கும் முன்னாலை திரும்பச் செய்து காட்டுங்கோ. மறைப்பையும் எடுங்கோ."

"அண்ணை, இது வெறும் விளையாட்டு. இதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது."

"அப்ப நேற்று மட்டும் எப்பிடிச் சொன்னவை?"

யாரோ மறைப்பைத் தூக்கிவிட்டார்கள். குணலட்சுமியை வாங்கில் உட்காரவைத்தார்கள். அவள் புதுச்சேலை உடுத்து, இடது கையில் முழங்கை வரை வளையல் போட்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிமியோன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, "உள்ளதைச் செய்யும்," என்று மெல்லச் சொன்னார்.

உள்ளதைச் செய்தால் என்ன நடக்கும் என்று மனோன்மணிக்குத் தெரிந்தது. இந்தச் சனத்துக்கு முன்னால், இந்த வெயிலில், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். ஊரதிகாரி விதானையார் வருவார். இன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாளைக்கு இரகசியமாக மருந்துக்கு ஒழுங்கு செய்தால் போதும். தொடக்கத்திலேயே பிடித்தால் நீரடிமுத்து எண்ணெய் ஊசியில் சிலருக்கு அடங்குகிறது என்று அவள் படித்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கண்ணைக் கட்டினாள். வளையல்களைத் தள்ளிவிட்டாள். இறகை எடுத்து, வெளிறிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்தாள்.

"இப்ப," என்றாள் குணலட்சுமி.

ஊசியை அந்த இடத்துக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கமாக வைத்தாள். "இப்ப. ஊசி."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் மீனாம்பிகை கிட்ட வந்தாள். "செம்பையும் வைச்சுப் பாருங்கோ," என்றாள்.

மனோன்மணி செம்பைத் தூக்கினாள். தன் உடம்பால் மீனாம்பிகைக்கு மறைத்துக்கொண்டு, அதை மேற்கையோடு சாய்த்துப் பிடித்தாள். குணலட்சுமி "ஆ" என்று கையை இழுத்தாள். தண்ணீர் சிந்தியது.

"சூடு தெரியுது," என்றாள் மனோன்மணி சத்தமாக. "நேற்றுக் கை விறைச்சிருந்தது. ஒரு வருத்தமும் இல்லை."

பரமலிங்கம் அழுதுவிட்டான். அழுதபடியே பிள்ளையை மனைவியின் மடியில் வைத்தான். அவனுடைய தாய்க்காரி மனோன்மணியின் கைகளைப் பிடித்து, "நீ நல்லா இருப்பாய் பிள்ளை," என்றாள். அவர்கள் போய் ஆளுக்கொரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கிணற்றைப் பற்றிப் பேசியவள் கூட்டத்தோடு கூட்டமாக ஒதுங்கிவிட்டாள்.

சனம் கலைந்த பிறகு சிமியோன் பொறியின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"நான் இப்ப போய் அறிவிச்சால், கண்ணாலை கண்டனாங்கள், ஒண்டும் இல்லை எண்டு ஊரே சாட்சி சொல்லும். இனி நீர் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டினம். விளங்குதோ?"

"நான் பாத்துக்கொள்ளுறன் சேர்."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கொட்டில் பிரச்சினையில்லாமல் முடிந்ததில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும். கொழும்புக்குப் போகும் ரயிலில் மற்றவர்கள் ஏறினார்கள். விடுமுறைக்கு ஊரில் தங்கிய மனோன்மணி அடுத்த கிழமை பஸ் பிடித்து இணுவிலுக்குப் போனாள்.

பரமலிங்கம் தோட்டத்தில் இருந்தான். மாமியார் சந்தைக்குப் போயிருந்தாள். குணலட்சுமி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மனோன்மணி சொல்லவந்ததைத் தொடங்குவதற்குள்ளேயே அவள் எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. நீங்கள் தள்ளித் தொட்டனீங்கள்."

"எப்பிடி?"

"என்ரை கை எனக்குத் தெரியாதோ? உந்த இடம் வருசக்கணக்கா அப்பிடித்தான். கொசு கடிச்சாலும் தெரியாது. தேமல் எண்டு நினைச்சன். அண்டைக்கு நீங்கள் உள்ளதைச் சொல்லாமல் என்ரை மானத்தைக் காப்பாத்தினீங்கள்."

"காப்பாத்தினது காணாது. மருந்து போடவேணும். பிள்ளையைப் பக்கத்திலை படுக்க விடக்கூடாது."

"பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைச்சால் ஏன் எண்டு கேப்பினமே."

மனோன்மணி மருந்துக்கு வழி செய்தாள். தகப்பன் மூலமாக மானிப்பாய் ஆசுப்பத்திரியில் பேசி, வயிற்றுநோ என்ற பெயரில் குணலட்சுமியை வரவைத்தாள். அங்கேயுள்ள மருதடிப் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் வெள்ளிக்கிழமைகளில் வந்தாள். எண்ணெய் ஊசி தடித்த ஊசி. போட்ட இடம் வீங்கி, நாலைந்து நாள் நோகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். மனோன்மணி கொழும்புக்குத் திரும்பியபோது எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள்.

ஆவணியோடு குணலட்சுமி வருவதை நிறுத்திவிட்டாள். மாமியார் வீக்கத்தைக் கண்டு கேட்டிருக்கிறாள். அடுத்த விடுமுறையில் மனோன்மணி தேடிப்போனபோது படலையைத் திறக்காமலே நின்று கதைத்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"இனி வராதேங்கோ அக்கா. நீங்கள் வந்தாலே மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பாக்கிறா. அண்டைக்கு ரீச்சர் ஒண்டும் இல்லை எண்டவ, பேந்து ஏன் அடிக்கடி வாறா எண்டு கேக்கிறா."

"பிள்ளை வயித்திலை இருக்கிற நேரம் இது கூடும் குணலட்சுமி. அப்பிடியே விடேலாது."

"கூடட்டும். என்ரை வீட்டிலை கூடட்டும்."

மனோன்மணி படலையில் கையை வைத்தபடி நின்றாள். உள்ளேயிருந்து மாமியார் யார் என்று கேட்டாள். "மானிப்பாய் ரீச்சர். கோயிலுக்கு வந்தவ, பாத்திட்டுப் போறா," என்று குணலட்சுமி திரும்பிச் சொன்னாள். மனோன்மணி போய்விட்டாள். பரமலிங்கத்திடம் சொல்லலாம் என்று பஸ்ஸில் நினைத்தாள். டொக்டரிடம் போகலாம் என்றும் நினைத்தாள். எதைச் செய்தாலும் கொட்டிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தன் ஆராய்ச்சியின் பேரில், கல்லூரியின் பேரில், ஊருக்கு முன்னால் சொன்ன பொய்யை. அந்த வருடம் அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடமும் சொல்லவில்லை.

ஆண் பிள்ளை பிறந்தது. ஜப்பானும் சண்டையில் இறங்கியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தது. ஒரு நாள் குணலட்சுமி சோற்றுப் பானையை இறக்கும்போது அடுப்பங்கரையில் தசை கருகிய மணம் வந்தது. மாமியார் ஓடிவந்து பார்த்தபோது, மருமகளின் இடது கைச் சுண்டுவிரல் கொள்ளியோடு ஒட்டிக்கிடந்தது. அவள் அது தெரியாமல் மற்றக் கையால் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் விரல்கள் ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருந்தன. வேலை செய்து மரத்துப்போனதென்று அதுவரை சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறாள். அன்றைக்குச் சமாளிக்க முடியவில்லை. அவளுடைய மகளைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். கன்னத்தில் வெளிறிய தேமல் ஒன்று, முதுகில் ஒன்று.

பரமலிங்கம் மானிப்பாய்க்குச் சைக்கிளில் வந்தான். மனோன்மணி அப்போது கொழும்பிலிருந்து வந்திருந்தாள். குண்டு விழும் என்ற பயத்தில் கல்லூரியைப் பாதி மூடியிருந்தார்கள். அவன் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றான். இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை.

"ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம் அண்ணை. அவவையும் பிள்ளையையும் பிரிச்சுப்போடுவியள் எண்டு..."

"நான் படிக்காதவன் ரீச்சர். என்ரை அக்கா அண்டைக்கே சொன்னவ, பிள்ளையைத் தள்ளி வை எண்டு. நான் அவவோடை சண்டை பிடிச்சன். கொழும்பிலை படிச்சவை, ஊருக்கு முன்னாலை சோதிச்சுச் சொன்னவை, உனக்கு என்ன தெரியும் எண்டு கேட்டன். இண்டு வரைக்கும் அவவோடை நான் கதைக்கிறேல்லை." அவன் சைக்கிள் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்கடை சொல்லை நம்பித்தான் என்ரை பிள்ளையை அவளின்ரை மடியிலை விட்டன். ஒருக்கால் எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அவளை அடிச்சுத் துரத்தியிருப்பனோ? எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையை எடுத்திருப்பன்."

மனோன்மணி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவன் கேட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை.

அன்று பின்னேரமே அவள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போய், கொட்டிலில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டார், சத்தம் போட்டார், பிறகு களைத்துப்போய்ச் செய்யவேண்டியதைச் செய்தார். சிமியோனுக்குத் தெரிந்ததும் அவர் அவளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தானும் தெரிந்தே பேசாமல் இருந்தவர் என்று அவருக்கு நினைவிருந்தது. மனோன்மணி ஆராய்ச்சியைத் தொடரவில்லை.

தாயையும் மகளையும் கொண்டுபோகிற நாளில் யாழ்ப்பாண ஸ்டேசனுக்கு மனோன்மணி போனாள். கடைசிப் பெட்டியில் ஒரு பகுதியை அடைத்து ஒதுக்கியிருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வெளியில் நின்று, கிட்டப் போகவேண்டாம் என்றார். அவள் போனாள். சிறுமி யன்னலோரத்தில் இருந்து பிளாட்போமில் கடலை விற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரயிலில் போவது அதற்கு முதல் தடவை. குணலட்சுமி முந்தானையால் மார்பை இறுகக் கட்டியிருந்தாள். பால் கட்டி நனைந்திருந்தது. கைக்குழந்தையை மீனாம்பிகை எடுத்துக்கொண்டுபோய்விட்டாள்.

"வந்தனீங்களோ," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நானும் பிழைதான் அக்கா. உங்களை மட்டும் சொல்லேலாது."

மனோன்மணி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அங்கை பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ? உவள் எழுத்தெல்லாம் எழுதுவாள்."

இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அந்த முகம் கொஞ்சம் தெளியும். ரயில் புறப்படும்வரையாவது தெளிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "கேட்டுச் சொல்லுறன்."

குணலட்சுமி தலையை ஆட்டினாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, காற்று அடிக்கும், உள்ளே தள்ளி இரு என்றாள்.

ரயில் போன பிறகு வெளியே வந்தபோது, பரமலிங்கம் வேலியோரமாகச் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். அவன் உள்ளே வரவேயில்லை. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். அவள் கடந்துபோகும்போது கேட்டான்.

"ஏதும் சொன்னவளோ?"

"பள்ளிக்கூடம் இருக்கோ எண்டு கேட்டா."



"சின்னவன் மாட்டுப்பால் குடிக்கிறானில்லை," என்றான். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, ஏறாமல், உருட்டிக்கொண்டே, இணுவிலுக்குப் போகும் கே.கே.எஸ். வீதிப் பக்கம் நடந்தான்.